மிஷின் வாங்கிவிட்டேன் அப்பா

சட்பரி, ஒண்டாரியோ, கனடா
அக்டோபர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே நீங்கள், அம்மா, அப்பத்தா எல்லோரும் சுகம்தானே? போனில் பேசினால் நாலு வார்த்தைக்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். விறகு அறுக்க 'செயின்சா' என்ற சங்கிலி ரம்ப மிஷின் வாங்கிய விஷயத்தை உங்களிடம் விவரமாகச் சொல்ல வேண்டும், அதனால்தான் கடிதம்.

"விறகு வெட்ட அம்பதாயிரம் ரூபாய்க்கு மிஷினா? கோடாலிக்கு என்னடா கேடு?" என்று கேட்டீர்கள். பரமக்குடியில் முப்பது வருஷம் விறகுக்கடை வைத்தவர் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

இந்த வடக்குப் பக்கத்தில், காட்டுக்குள் ஏரிக்கரையில் இருக்கும் சின்ன மர வீட்டை 'கேம்ப்' என்கிறார்கள். என்னோடு நிக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவருக்கு அப்படி ஒன்று இருக்கிறது. அவருடைய தாத்தா பின்லாந்திலிருந்து வந்தவர். அவர்களுக்கு 'சவுனா' இல்லாமல் முடியாது. சின்ன மர அறைக்குள் அடுப்பை எரித்து, மேலே கல்லைச் சூடாக்கி, அதில் தண்ணீர் ஊற்றி அந்த ஆவியில் உட்கார்ந்திருப்பார்கள். ராமநாதபுரத்து மே மாசத்துக்குக் காசு கொடுப்பது மாதிரிதான். எனக்கும் இப்போது பிடித்துவிட்டது. கேம்ப்பில் கரண்ட் கிடையாது. சமையல், குளிருக்கு அடுப்பு, சவுனா, எல்லாமே விறகுதான்.

சட்பரியிலிருந்தே விறகு வாங்கிப் போகலாமே என்பீர்கள். கூடாது. ஆஷ் மரத்தைத் துளைத்துக் கொல்லும் ஒரு பச்சை வண்டு ஆசியாவிலிருந்து வந்து, 2002-ல் இந்த மாகாணத்தில் கண்ணில் பட்டது. விறகோடு விறகாகப் புது இடத்துக்குப் போய்விடும் என்பதால், எரிக்கும் இடத்திலேயே வெட்டிக்கொள் என்று சாலையோரம் பலகை வைத்திருக்கிறார்கள். பெரியவரின் இடத்தில் வெள்ளை பர்ச் மரம் நிறைய. பட்டை காகிதம் மாதிரி உரியும், ஈரத்திலும் பற்றிக்கொள்ளும். ஆனால் அந்தப் பட்டையே தண்ணீரை வெளியே விடாது. அறுத்ததும் பிளந்து போடாவிட்டால் உள்ளேயே மக்கிவிடும். நம் சீமைக்கருவை மாதிரி பொறுமைசாலி இல்லை.

இங்கே விறகை எடை போடுவதில்லை அப்பா. நாலடி உயரம், நாலடி அகலம், எட்டடி நீளம் அடுக்கினால் ஒரு 'கார்ட்'. பச்சை விறகைத் தராசில் ஏற்றினார் என்று உங்களோடு யாரும் சண்டைக்கு வர முடியாது!

இனி மிஷின். மூன்று மாதம் யோசித்தேன். முதலில் பேட்டரி மிஷின் பார்த்தேன். சத்தமில்லை, புகையில்லை. ஆனால் கேம்ப்பில் எங்கே சார்ஜ் போடுவது? குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கியும் விடுகிறது. அடுத்து 'ஸ்டீல்' (Stihl) கம்பெனியின் சின்ன பெட்ரோல் மிஷின், 30 சிசி. கிளை கழிக்க நல்லது, நாள் முழுக்க அடிமரம் அறுத்தால் திணறும். சுரங்கத்தில் இருக்கும் பையன்களோ 20 அங்குல பிளேடு (சங்கிலி சுற்றி ஓடும் நீளப் பட்டை) போட்ட பெரியதைத்தான் வாங்கச் சொன்னார்கள். அறுப்பது என்னவோ பத்துப் பன்னிரண்டு அங்குல மரம். கடைசியில் ஹஸ்க்வர்னா கம்பெனியின் 50 சிசி எடுத்து, பிளேடு மட்டும் 16 அங்குலம் போதும் என்றேன். பிளேடு நீண்டால் அரம் பிடிக்க வேண்டிய பல்லும் கூடும், நுனி தெரியாமல் தரையில் போய் இடிக்கும். இன்னொரு லாபம், எங்கள் அடுப்புக்குத் துண்டு 16 அங்குலம். பிளேடையே மரத்தின் மேல் கிடத்தி அளந்துகொள்ளலாம்.

எடை, பிளேடு இல்லாமலே ஐந்து கிலோ. கடையில் நாலைந்தைத் தூக்கிப் பார்த்தபோது எல்லாமே லேசாகத்தான் தெரிந்தது. நாற்பதாவது துண்டில்தான் அதன் சுயரூபம் தெரியும். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும், ஐந்து லிட்டருக்கு நூறு மில்லி. நம் டிவிஎஸ் 50க்குப் பெட்ரோல் பங்க்கில் கலந்து ஊற்றுவார்களே, அதே சங்கதிதான். சங்கிலிக்குத் தனி எண்ணெய்.

உங்களுக்குச் சிரிப்பு வரும் ஒன்றைச் சொல்கிறேன். போன வருஷம் இரவல் மிஷினைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஓட்டினால் புகை வருகிறது, மரம் கருகுகிறது, தூள் மட்டும் விழவில்லை. பலம் போதவில்லை என்று இன்னும் அழுத்தினேன். பெரியவர் வந்து நிறுத்தச் சொல்லி, ஒரு பல்லின் மேல் நகத்தை வைத்துக் காட்டினார். சங்கிலியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன்! விறகுக்கடைக்காரர் மகன் என்று அவரிடம் பெருமையடித்திருந்தேன் வேறு.

அரம் பிடிக்க அவர்தான் கற்றுக்கொடுத்தார். நீங்கள் ரம்பத்தைக் காலிடுக்கில் வைத்து முப்பட்டை அரத்தால் ராவுவீர்களே, இதற்கு உருண்டை அரம். பல் வலம் ஒன்று இடம் ஒன்றாக இருக்கும். ஒரு பக்கம் கூடுதலாக ராவினால் அறுப்பு வளைந்து போகும். பல் கூர்மையாக இருந்தால் தூள் அவல் மாதிரி விழுகிறது, மழுங்கினால் மாவாகக் கொட்டுகிறது. அவல் நின்றதும் நிறுத்திவிட்டு அரத்தை எடுத்துவிடுவேன்.

பயப்படத்தான் வேண்டும். பிளேடு நுனியின் மேல் பாதி எதிலாவது பட்டால், மிஷின் எகிறி முகத்துக்கே வரும். அதற்காக முன்னால் ஒரு பிரேக் இருக்கிறது. ஹெல்மெட், முகவலை, காலுக்குக் கவசத்துணி எல்லாம் வாங்கிவிட்டேன். சங்கிலி பட்டால் அந்தத் துணிக்குள்ளிருந்து நூல் நூலாக உருவி வந்து பல்சக்கரத்தில் சிக்கி, மிஷினை நிறுத்திவிடும். மிஷினுக்கு முன்பே கவசத்தைத்தான் வாங்கினேன்.

கோடாலியும் சும்மா இல்லை. அறுப்பது மிஷின், பிளப்பது நான். கணு உள்ள துண்டுதான் மல்லுக்கு நிற்கிறது. இங்கே விற்கும் ஆப்பு மொட்டையாக இருக்கிறது, அடித்தால் துள்ளி வெளியே விழுகிறது. கடைப் பரணில் உங்கள் இரும்பு ஆப்புகள் இரண்டு கிடக்குமே, அவற்றின் முனை எத்தனை விரல் கனம் என்று பார்த்துச் சொல்லுங்கள். இங்கே ஒரு வெல்டரிடம் சொல்லிச் செய்துகொள்கிறேன்.

அம்மாவிடம் ரம்பம் வாங்கினான் என்று மட்டும் சொல்லுங்கள். மிஷின் என்று சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகன்