ஆறாம் நாளில் நின்றுபோன தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ராத்திரி பதினொன்றரைக்கு நீ அனுப்பிய மெசேஜைக் காலையில்தான் பார்த்தேன். "21 நாள் சவால் ஆறாவது நாளே ஊத்திக்கிச்சுக்கா. சார்ட்டையும் கிழிச்சிட்டேன். எனக்கெல்லாம் கட்டுப்பாடு வராது போல."

போன வாரம் பெருமையாக அனுப்பினாயே, அந்த டைம்டேபிளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பச்சை ஸ்கெட்சில் '4 மணி விழிப்பு', சிவப்பில் கணக்கு, ஊதாவில் பொது அறிவு. சாப்பாட்டுக்கு 15 நிமிஷம்! உன்னைத் தெரியாத யாரோ உனக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். முகத்தைத் திருத்திக்கொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் பிடிக்கிறது என்று 1960-ல் எழுதினார். 'குறைந்தது' என்ற வார்த்தையை நடுவில் யாரோ விழுங்கிவிட்டார்கள். கண்ணாடியில் மூக்கு பழகுவதும் விடிகாலையில் வட்டிக் கணக்கு போடுவதும் ஒன்றா, சொல்.

ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்று லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் அளந்தே பார்த்தார்கள், 2009-ல் வெளியானது. 96 பேர், 84 நாள். ஒருவருக்கு மதியச் சாப்பாட்டோடு பழம், இன்னொருவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர், வேறொருவருக்கு ஓட்டம். யோசிக்காமலே செய்கிற அளவுக்குப் படிய, நடுவாக எடுத்தால் 66 நாள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை. (ஆய்வே 84 நாள்தானே என்று கேட்பாய். மீதியைக் கணக்குப் போட்டு நீட்டியிருக்கிறார்கள்.) தண்ணீர் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி இழுத்தது. நடுவில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. அதனால் நீ ஆறாம் நாள் தூங்கியதில் எனக்கு வருத்தமில்லை. சார்ட்டைக் கிழித்தாயே, அதற்குத்தான் கோபம்.

என் சங்கதியைக் கேள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும் மூன்று முறை வாக்கிங் ஆரம்பித்து விட்டவள் நான். அலாரம் அடித்தால் கண் திறப்பதற்குள் கட்டைவிரல் அணைத்துவிடும். கடைசியில் சார்ஜரைச் சமையலறைக்கு மாற்றினேன், மிக்ஸிக்குப் பக்கத்து பிளக்கில். ஐந்தேகாலுக்கு அது கத்தும். அத்தை எழுந்துவிடுவாரே என்று ஓட வேண்டும். ஓடிப்போய் அணைத்தால் அங்கேயே ராத்திரி மூடிவைத்த தண்ணீர்ச் சொம்பு, வாசலில் எடுத்துவைத்த செருப்பு. அப்புறம் திரும்பிப் போய்ப் படுக்கத்தான் சோம்பலாக இருக்கிறது. மாமியாருக்குப் பயந்து வந்த ஒழுக்கம் என்று உன் மாமா கிண்டல் செய்கிறார். செய்யட்டும்.

நீ அந்த 4 மணியை விடு. ஒரு மணி வரை போனோடு கிடப்பவனுக்கு அது எதற்கு? மெஸ்ஸில் காபி குடித்துவிட்டு ரூமுக்கு வந்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன், பத்துக் கணக்கு. இந்த மாதத்துக்கு அவ்வளவுதான். ராத்திரி போனை ரூம்மேட்டிடம் கொடுத்துவிடு. திருப்பிக் கேட்க உனக்கே கூச்சமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. எத்தனை நாள் போட்டாய் என்று மட்டும் சொல், விட்டதை நான் கேட்க மாட்டேன். ஊருக்கு வரும்போது அந்த ஸ்கெட்ச் பேனாக்களை எடுத்து வா, பாப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் அக்கா