மஞ்சள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு

பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் முக்கில், காலை ஏழே காலுக்கெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிற்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கமுங்க.

போன மாதம் ஒரு காதுகுத்துப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், ஒறம்பரைதான் (சொந்தக்காரர்), என்னைக் கேட்டார். "ஏனுங் மாப்ள, உங்களுக்கென்ன குறைச்சல்? புள்ளைய அந்தக் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துல விட்டிருக்கீங்களே, அங்க பூராவும் காலனிப் பசங்களும் வடக்கத்திப் பசங்களுமில்ல படிக்குதுங்க?" ஐந்தாவது படிக்கும் என் மகள் பக்கத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அங்கே சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. அதை நிறுத்தப் பார்த்து, கோர்ட்டுக்குப் போய், 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அரசுப் பள்ளியோ மெட்ரிக்கோ, ஒரே பாடம்தான் (சிபிஎஸ்இ வேறு கணக்கு, அதை விடுங்கள்). ஆக, நீங்கள் கட்டும் பீஸ் பாடத்துக்கு இல்லை. இங்கிலீஷுக்கு என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். என் மூத்தவனை நானும் அப்படித்தான் மெட்ரிக்கில் சேர்த்து, எட்டாவது வரைக்கும் கடன் வாங்கிக் கட்டினேன். அஞ்சு வகுப்புக்கு ரெண்டு வாத்தியார் என்றால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். ஆனால் பந்தியில் அவர் இங்கிலீஷைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே! பெஞ்சில் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதைத்தானே பேசினார்.

அந்தப் பாடப்புத்தகத்தின் முன்பக்கத்திலேயே தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று அச்சடித்திருக்கிறது. நாம் படிக்கும்போதும் இருந்தது, அட்டை போடும்போது பார்த்ததோடு சரி. 2018இல் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்த பெண்ணைச் சாதியைச் சொல்லித் தடுத்தார்களே, அந்த வீட்டுப் பிள்ளைகளின் பையிலும் இதே புத்தகம்தான் இருந்திருக்கும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தே எடுக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். நம் பந்தியிலிருந்து யார் எடுப்பது?

வடக்கத்திப் பசங்க என்றாரே, அதில் ஒருத்தி என் மகளின் தோழி. ஒடிசாவிலிருந்து மில் வேலைக்கு வந்தவரின் பிள்ளை. காலையில் வாசலில் நின்று "ஏனுங் மாமா, இன்னும் கெளம்பலீங்களா?" என்று கேட்பாள். இந்த 'ஏனுங்' எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, நம் பிள்ளைகளோடு மண்ணில் புரண்டு கற்றுக்கொண்டது. அவள் அப்பா நைட் ஷிப்ட் பார்க்கும் மில்லில்தான் நம் ஆட்களில் பாதிப்பேர் சூப்பர்வைசர். அங்கே மட்டும் ஆள் வேண்டும் நமக்கு.

காதுகுத்து முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், "இனிமேல் அவகூட உக்காரக் கூடாதாப்பா?" என்று வண்டியில் பின்னாலிருந்து மகள் கேட்டாள். நான் வண்டியை ஓரங்கட்டி, உட்காரலாம் கண்ணு என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளையை இங்கேதான் சேர்க்கணும் என்று யார் கையையும் பிடித்து இழுக்கவில்லை. இங்கிலீஷுக்காக அனுப்பினால் இங்கிலீஷுக்காக என்றே சொல்லுங்கள், பிள்ளைகள் காதுபட அடுத்தவர் பிள்ளையை எடை போடாதீர்கள். மனம் மாறினால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வாங்க. அதில் முக்கால்வாசி பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கணும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. வாத்தியார் பத்தவில்லை, இங்கிலீஷ் பத்தவில்லை என்று அங்கே சண்டை போடுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். இப்போது ஆறேழு பேர்தான் வருகிறோம், அதிலும் நாலு பேர் நீங்கள் சொல்லும் அந்தக் காலனிக்காரர்கள்.

அப்புறம், பந்தியில் கேட்ட மாமாவுக்கு: அடுத்த விசேஷத்துக்கு மகள் தன் தோழியையும் கூட்டிவரப் போகிறாளாம். உங்களுக்குப் பக்கத்து இலையில்தான் உட்கார வைக்கப் போகிறேனுங்க.