மரியாதை ஏற ஏற மறுப்பும் ஏறும்

அன்புள்ள வசந்தா,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. நீ அனுப்பிய படங்கள் வந்தன. கமலா இன்னும் அதே மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டுதான் நிற்கிறாள், திருந்தவே மாட்டாள்.

உன் அரவிந்த் எனக்கு போன் பண்ணினான். உன்னிடம் சொல்லத் தயங்குகிறான். நான் சொல்லிவிடுகிறேன் என்று அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவனுடைய அறிக்கைக்கு லண்டனில் இருக்கும் மேலாளர், 'வித் கிரேட் ரெஸ்பெக்ட், ஐ ஆம் நாட் ஷ்யூர் ஐ அக்ரீ' என்று பதில் அனுப்பியிருக்கிறார். பையன் அந்த 'கிரேட் ரெஸ்பெக்ட்'டில் குளிர்ந்துபோய், ஏதோ சின்னச் சந்தேகம் போலிருக்கிறது என்று அறிக்கையை அப்படியே விட்டுவிட்டான். கொஞ்ச நாளில் அந்த வேலை வேறொருவர் கைக்குப் போய்விட்டது. "சித்தி, அவர் வேண்டாம்னு எங்கே சொன்னார்?" என்று கேட்கிறான். குரலைக் கேட்கவே பாவமாக இருந்தது.

அவர் ஒரே வரியில் இரண்டு தடவை சொல்லிவிட்டார், வசந்தா! 'நாட் ஷ்யூர்' என்று அவர்கள் எழுதும்போது பெரும்பாலும் உறுதியாகவே இருப்பார்கள். ரெஸ்பெக்ட் என்ற சொல் வாக்கியத்தின் தலையில் வந்து உட்கார்ந்தால், பின்னால் மறுப்பு வருகிறது என்று பொருள். வெறும் 'வித் ரெஸ்பெக்ட்' சாதாரண மறுப்பு. 'கிரேட்' சேர்ந்தால் பலமான மறுப்பு. 'வித் தி கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்' வரைக்கும் போய்விட்டால், நீ சொன்னதில் ஒன்றுமே தேறவில்லை. 'ஐ ஹியர் வாட் யூ சே' என்பதும் அந்த ரகம்தான்: காதில் விழுந்தது, ஏற்கவில்லை. இரண்டு நாடுகள் பேசி முடித்து 'ஃபிராங்க் டிஸ்கஷன்' நடந்தது என்று அறிக்கை விட்டால், உள்ளே ஒத்துப்போகவில்லை என்று நிருபர்கள் புரிந்துகொள்வார்கள்.

இதுவும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை என்பதுதான் பெரிய தொல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகள் 'டேபிள்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் காரசாரமாக வாதாடியதைச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். பிரிட்டிஷாருக்கு ஒரு விஷயத்தை டேபிள் செய்வது என்றால் உடனே எடுத்துப் பேசுவது. அமெரிக்கர்களுக்கு அதே சொல் தள்ளிப்போடுவது. அப்புறம் பார்த்தால் இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றேதான்!

நாம் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? அக்ரீ, டிஸக்ரீ. இரண்டே சொல். அதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஒன்று வாயை மூடிக்கொள்கிறார்கள், இல்லையென்றால் 'யூ ஆர் ராங்' என்று முகத்தில் அடிக்கிறார்கள். அரவிந்திடம் ஒரு மணி நேரம் பேசினேன். யாரோ கொடுத்த கணக்கை நம்பவில்லை என்றால் 'டிஸ்பியூட்'. செய்யப்போகிற காரியம் பிடிக்கவில்லை என்றால் 'அப்ஜெக்ட்'. முடிவு சரி, காரணம் தப்பு என்றால் அதைப் பிரித்தே சொல்லலாம். நீதிபதிகள் முடிவோடு மட்டும் 'கன்கர்' செய்து, அதாவது உடன்பட்டு, தங்கள் காரணத்தைத் தனியாக எழுதுகிறார்களே, அதுபோல. பையன் குறித்துக்கொண்டான். அம்மாவைவிட நல்ல மாணவன். கோபித்துக்கொள்ளாதே.

ஆனால் என்னை உண்மையிலேயே வாட்டுவது 'ரிஃப்யூட்'. எந்தச் செய்தியைத் திறந்தாலும் யாராவது ஒருவர் தன்மேல் வந்த குற்றச்சாட்டை ரிஃப்யூட் செய்கிறார். 'டினை' என்றால் இல்லை என்று சொல்வது. 'ரிபட்' என்றால் எதிர்வாதம் வைப்பது. 'ரிஃப்யூட்' என்றால் அது பொய் என்று நிரூபித்துக் காட்டுவது. இவர்கள் நிரூபிக்கிறார்களா? இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு எழுந்துபோகிறார்கள். மறுநாள் பத்திரிகை 'ரிஃப்யூட்டட்' என்று போடுகிறது, படிக்கிறவர் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார். மொழி மாறும், அகராதியிலேயே அந்தப் பொருளையும் சேர்த்துவிட்டார்கள் என்று நீ சொல்வாய். சேர்த்துவிட்டார்கள்தான். வேறு எந்தச் சொல் தேய்ந்தாலும் எனக்கு இவ்வளவு வலிக்காது. இந்தச் சொல் தேய்ந்தால், ஆதாரம் காட்டாதவனுக்கும் ஆதாரம் காட்டிய பெருமை சும்மா கிடைத்துவிடுகிறது. அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

இதே ஆங்கிலத்தில்தான் 'டிஸ்சென்ட்' என்ற சொல்லும் இருக்கிறது, பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல் மாறுபடுவது. நீதிமன்றத்தில் அந்தச் சொல்லை எழுதுகிற நீதிபதி பெரும்பாலும் காரணங்களையும் பக்கம் பக்கமாக எழுதுவார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 'ஐ ரெஸ்பெக்ட்ஃபுல்லி டிஸ்சென்ட்' என்று முடிப்பது வழக்கம். 2000-இல் புஷ், கோர் இருவருக்கும் இடையிலான அதிபர் தேர்தல் வழக்கில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் அந்த 'ரெஸ்பெக்ட்ஃபுல்லி'யை விட்டுவிட்டு 'ஐ டிஸ்சென்ட்' என்று மட்டும் எழுதினார். ஒரு சொல்லை எடுத்துவிட்டதே பெரிய பேச்சாகிவிட்டது.

எனக்கு அதைவிட நெருக்கமானது நம் நாட்டு வழக்கு. 1976, நெருக்கடி நிலை. விசாரணையில்லாமல் அடைத்து வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்துக்கு வர முடியுமா என்பது ஜபல்பூர் வழக்கின் கேள்வி. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் முடியாது என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் டிஸ்சென்ட் எழுதினார். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவருக்குப் போனது, ராஜினாமா செய்துவிட்டார். 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அந்த நான்கு பேரின் தீர்ப்பு தவறு என்று ஒதுக்கினார்கள். அப்படி எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். அந்த நால்வரில் ஒருவர் அவருடைய அப்பா! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, வசந்தா. நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு மனிதரின் மறுப்பு காகிதத்தில் காத்திருந்திருக்கிறது. காரணத்தோடு எழுதி வைத்ததால்தானே காத்திருக்க முடிந்தது? வெறுமனே இல்லை என்று தலையாட்டியிருந்தால் எதை எடுத்துப் படித்திருப்பார்கள்?

சரி, கை வலிக்கிறது. அரவிந்தைத் திட்டாதே, மேலாளருக்கு இப்போது நல்லதாக ஒரு பதில் எழுதியிருக்கிறான். ரிஃப்யூட் விஷயத்தில் நீ எனக்கு எதிர்க்கட்சி என்று தெரியும். காரணங்களை எழுதி கமலாவிடம் கொடுத்தனுப்பு, போனில் வேண்டாம். போனில் நீ என்னைப் பேசவே விடமாட்டாய்.

உன்,
மீனா