ஹாரி பர்னுக்கு, ஆகஸ்ட் 18 அன்று

அன்புள்ள ஹாரி பர்ன் அவர்களுக்கு,

1920இல் இதே நாளில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில்லில், நீங்கள் உறுப்பினராக இருந்த சட்டமன்றத்தில் நடந்ததை உங்களுக்கே விளக்க நான் யார்? கேட்க ஒன்றுதான் இருக்கிறது. பெண்களின் ஓட்டுரிமையை ஆதரிக்கச் சொன்ன அம்மாவின் கடிதம் கோட்டுப் பையில் இருக்கும்போது, ஏன் இரண்டு முறை எதிர்ப்பக்கம் நின்றீர்கள்?

பெண்களுக்கு ஓட்டுரிமை தரும், அமெரிக்க அரசியல் சட்டத்தின் 19ஆவது திருத்தத்தைக் கிடப்பில் போடலாமா என்று கேட்டார்கள். போடலாம் என்றீர்கள். மறுபடி எண்ணியபோதும் அதே பதில். இரண்டு தடவையும் 48க்கு 48. கோட்டில் எதிர்ப்பாளர்களின் சிவப்பு ரோஜா.

உங்கள் அம்மா ஃபெப், கணவர் போனபின் நயோட்டாவில் பண்ணையைத் தானே பார்த்துக்கொண்டவர். அவர் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. நீ எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இன்னும் ஒன்றும் கண்ணில் படவில்லை என்கிறாரே, அந்த வரி.

என் அம்மாவும் எனக்கு எழுதினார். நீல நிற இன்லேண்டு லெட்டர். தங்கைக்குச் சேர வேண்டியதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசு என்று. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தேன். வியர்வையில் ஓரம் நனைந்து, மை என் சட்டையில் ஒட்டியது. அன்று யார் யார் இருந்தார்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை; அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கதவோரம் நின்ற அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அப்போது உங்களைப் போல 24 வயதுதான். அப்பா இல்லை, வேலை இல்லை, அவர்களை விட்டால் நாதி இல்லை. இதெல்லாம் உண்மை. போதாது என்பதும் தெரியும்.

உங்களை அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை என்று பல பேரிடம் லேசாகச் சொல்லி முடித்திருக்கிறேன். மன்னியுங்கள். அந்த மூன்றாவது தடவை, திருத்தத்தை ஏற்கலாமா என்றே கேட்டபோது, 'சம்மதம்' என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! லஞ்சம் வாங்கினான் என்றார்கள். அம்மா சொன்னபடி செய்தேன் என்று மறுநாள் அவைக்குறிப்பிலேயே பதிவு செய்தீர்களே, அதைப் படிக்கும்போதெல்லாம் கண் கலங்குகிறது.

ஆனால் கோபமும் வருகிறது. உங்களுக்கு மூன்றாவது தடவை என்று ஒன்று வந்தது. கிடப்பில் போட விடாமல் சக உறுப்பினர் பேங்க்ஸ் டர்னர் அடம்பிடித்து நின்றதால் வந்தது. எனக்கு யாரும் மறுபடி பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அதே குறிப்பில் ஒரு கோடியே 70 லட்சம் பெண்களை விடுவித்ததாகச் சொன்னீர்கள். உங்கள் தெற்கிலேயே கறுப்பினப் பெண்களில் பெரும்பாலானோர் ஓட்டுப் போட, வாக்குரிமைச் சட்டம் வந்த 1965 வரை காத்திருந்தார்கள் ஹாரி. அதைப் பார்க்கும் வயது வரை நீங்கள் உயிரோடுதான் இருந்தீர்கள்.

சரி. அம்மா போய் ஒன்பது வருஷமாகிறது. போன வாரம் தங்கைக்குப் போன் செய்து, அவள் பங்கை எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னேன். கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அது இன்னும் உன்கிட்ட இருக்காண்ணே?" என்றாள்.

இருக்கிறது.