மாமன்னர் யூவின் கதையைச் சிறுவர்களுக்கு எழுதுவோருக்குத் திறந்த மடல்

அன்புடையீர்,

பெருவெள்ளத்தை அடக்கிய மாமன்னர் யூவின் சீனத்துக் கதையைப் பொதுவாக இரண்டே வரியில் முடித்துவிடுகிறோம். தந்தை குன் கரை கட்டினார், தோற்றார். மகன் யூ வாய்க்கால் வெட்டினார், வென்றார். இதைப் படிக்கும் பிள்ளை, கரை என்றாலே தப்பு என்று எண்ணிக்கொள்ளும். கதையும் அப்படிச் சொல்லவில்லை, ஆறும் அப்படி நடந்துகொள்வதில்லை.

குன் ஏன் தோற்றார் என்பதற்கு மஞ்சள் ஆற்றைக் காட்டுங்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அது ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் வண்டலைச் சுமந்து வந்தது. சமவெளிக்கு வந்ததும் ஓட்டம் தளரும், வண்டல் படியும், படுகை மேடாகும். கரையை உயர்த்தினால் படுகையும் கூடவே உயரும். காய்ஃபெங் அருகே ஆற்றுப்படுகை நகரத்தைவிடச் சுமார் 10 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. அங்கே கரை உடைந்தால், வெளியேறிய நீர் மேடேறி ஆற்றுக்குத் திரும்ப வழியில்லை.

கதையின் பழைய வடிவத்தில் குன் தண்டிக்கப்பட்டது கரை கட்டியதற்காக அல்ல. தானாக வளரும் மாய மண்ணை விண்ணவர்கோனின் அனுமதி இல்லாமல் எடுத்ததற்காக. பிறகு அதே விண்ணவர்கோன்தான் யூவை மண் பரப்பச் சொல்கிறார். 2002இல் தெரியவந்த, ஏறக்குறைய 2,900 ஆண்டுப் பழமையான வெண்கலக் கலத்தின் வாசகமும் இப்படித்தான் தொடங்குகிறது: யூ மண்ணைப் பரப்பினார், மலைகளைத் தொடர்ந்து போனார், ஆறுகளை ஆழப்படுத்தினார். ஆக, நிரப்பியதும் அவர்தான், தூர்வாரியதும் அவர்தான். 16ஆம் நூற்றாண்டில் பான் ஜிஷுன் என்ற அதிகாரி கரைகளை நெருக்கிக் கட்டி, ஓட்டத்தை விரைவாக்கி, அந்த ஓட்டத்தாலேயே வண்டலை அரிக்கவைக்க முயன்றார். கரையே தூர்வாரும் கருவியாகும் இடமும் உண்டு!

கட்டுவதும் தூர்வாருவதும் சேர்ந்து வேலை செய்வதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால், செங்டு நகருக்கு மேலே மின் ஆற்றிலுள்ள தூஜியாங்யென் பாசன அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 256 வாக்கில் ஆளுநர் லீ பிங் தொடங்கியது, இன்றும் பாசனம் தருகிறது. நடு ஆற்றில் மீன்வாய் போன்ற திட்டு நீரை இரண்டாகப் பிரிக்கிறது. உள்கிளை குறுகல், ஆழம். வெளிக்கிளை அகலம், ஆழம் குறைவு. நீர் குறைந்த காலத்தில் பத்தில் ஆறு பங்கு நீர் உள்கிளைக்குப் போகும், வெள்ளத்தில் பத்தில் ஆறு பங்கு வெளிக்கிளைக்குப் போகும். உள்ளே வந்ததும் சுமார் 20 மீட்டர் அகலமுள்ள பாறை வாயில்தான் நுழைய முடியும். மிஞ்சியது பக்கத்திலுள்ள தாழ்வான கலங்கல் வழியாக வெளியாற்றுக்கு வழியும். வளைவில் சுழலும் நீர் சரளையையும் மணலையும் சேர்த்துத் தள்ளிவிடும். மூங்கில் கூடைகளில் கல் நிரப்பி அடுக்கிய வேலை அது. குளிர்காலத்தில் உள்கிளையை அடைத்து, அடியில் புதைத்த இரும்புத் துண்டுகள் தென்படும்வரை தூர்வாருவார்கள். அதற்குமுன் நிறுத்தினால் வசந்தத்தில் வயலுக்கு நீர் போதாது. கலங்கலை உயர்த்திக் கட்டினால் சரளை வெளியேறாது, உள்ளேயே தங்கும். ‘ஆழத் தூர்வாரு, தாழக் கலங்கல் கட்டு’ என்பது அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லும் விதி.

ஆண்டுக் கணக்கையும் கலக்காதீர்கள். வெள்ளப் பணிக்காக யூ 13 ஆண்டு வீட்டுக்கு வெளியே இருந்தார் என்பது வரலாற்றாசிரியர் சீமா சியென் கணக்கு. எட்டு ஆண்டில் மூன்று முறை வீட்டு வாசலைக் கடந்தும் உள்ளே போகவில்லை என்பது தத்துவஞானி மென்சியஸ் கணக்கு. மஞ்சள் ஆற்றின் ஜிஷி பள்ளத்தாக்கில் மண்சரிவு அணை உடைந்து கி.மு. 1920 வாக்கில் பெருவெள்ளம் வந்தது என 2016இல் வெளியான ஆய்வை, யூ வாழ்ந்ததற்குச் சான்று என எழுதிவிடாதீர்கள். அந்த வெள்ளத்துக்கும் கதைக்கும் உள்ள தொடர்பை மறுக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

ஓவியரிடம் ஒரு வார்த்தை. யூவின் கையில் வாள் வேண்டாம். ஹான் அரசமரபுக் காலப் புடைப்புச் சிற்பத்தில் அவர் வைத்திருப்பது இருமுனை மண்வெட்டி. சீமா சியென் எழுத்தில் இடக்கையில் மட்டமும் நூலும், வலக்கையில் கவராயமும் மூலைமட்டமும். சேற்றில் சறுக்குப் பலகை, மலையில் ஆணி அடித்த காலணி. இவ்வளவையும் ஒரே பக்கத்தில் வரைந்துவிடலாம்.