வெண்வண்டு குறித்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

"சிஃபோகைலஸ் செதிலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. உன் வேலையைக் கெடுக்காமல் உன்னோடு பேச வேறு வழி தெரியாததால், சிஃபோகைலஸ் என்ற அந்த வெள்ளை வண்டைப் பற்றி நானே படிக்கத் தொடங்கினேன்.

தென்கிழக்கு ஆசியாவில் வாழும் அதன் செதில்களில் வெள்ளைச் சாயம் எதுவுமே இல்லை என்பதை நம்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பூச்சிகளின் ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருள், சுமார் 250 நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாகக் காற்றிடையே ஒழுங்கின்றிப் பின்னிக் கிடப்பதால், உள்ளே புகும் ஒளி இழைக்கு இழை திசைமாறி அலைந்து, எல்லா நிறங்களும் ஏறக்குறையச் சமமாக வெளியே திரும்பிவிடுகின்றன. இழைகள் சீராக அடுக்கப்பட்டிருந்தால் ஏதேனும் ஒரு நிறம் மேலோங்கியிருக்கும். இத்தனையும் 10 மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமனில் நடக்கிறது. நாம் எழுதும் தாளுக்கோ ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர் தேவைப்படுகிறது. எக்சிடர் பல்கலைக்கழகத்தின் பீட்டர் வுகுசிக் குழுவினர் 2007-இல் இதை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டபோது நீ பள்ளி மாணவி. இன்று அதே செதில் உன் நுண்ணோக்கியின் கீழ் இருக்கிறது என்பதைப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

நேரத்துக்குத் தூங்குகிறாயா?

இழைகளை எவ்வளவு நெருக்குகிறோமோ அவ்வளவு வெண்மை கூடும் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் நெருக்கம் அளவு மீறினால் ஒவ்வோர் இழையும் தனித்துச் சிதறடிக்கும் திறன் குறைந்து, வெண்மை மங்கிவிடுமாம். வண்ணப்பூச்சில் கலக்கும் டைட்டானியம் டை ஆக்சைடின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) 2.5-ஐத் தாண்டும்; கைட்டினுக்கு 1.56 அளவுதான். பொருளில் இவ்வளவு பின்தங்கியிருந்தும் அமைப்பால் மட்டுமே ஈடுகட்டும் ஒன்றை நீங்கள் செயற்கையாகச் செய்ய முயல்கிறீர்கள். உன் படலம் இன்னும் சாம்பலாகவே வருகிறதென்றால், அதைச் சொல்ல என்னிடம் உனக்கென்ன தயக்கம்? நல்ல முடிவு வந்தால்தான் வீட்டுக்கு எழுத வேண்டும் என்று யார் உனக்குச் சொன்னது? இரவில் விழித்திருந்து அளவெடுக்காதே, தூங்கிவிட்டு அளவெடு.

ஓர் ஐயம் மட்டும் தீரவில்லை. வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் செதிலில் டெரின் என்ற நிறமியின் நுண்மணிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன; வண்டிலோ இழைகள். ஒரே தடிமனில் மணி, இழை இரண்டில் எது கூடுதலாகச் சிதறடிக்கும்? வேறெதுவும் எழுத மனமில்லை என்றாலும் இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

அன்புடன்,
அப்பா