விருந்து சாப்பிட்டுவிட்டு வண்டி எடுக்காதே, கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய பயணத் திட்டத்தை உன் அம்மா சத்தமாகப் படித்துக் காட்டினாள். ஐதராபாத்திலிருந்து சேலத்துக்கு புல்லட்டில் தனியாக வருகிறேன் என்கிறாய். வா. அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. எனக்குப் பிடிக்காதது நீ போட்டிருக்கிற சாப்பாட்டு நேரங்கள்தான். கர்நூலில் சிநேகிதி வீட்டில் மதியச் சாப்பாடு, மறுநாள் பெங்களூர் சித்தப்பா வீட்டில், அதற்கடுத்த நாள் தர்மபுரி அத்தை வீட்டில். மூன்று நாளும் நடு மதியத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுப்பதாக எழுதியிருக்கிறாய்.

உனக்கே தெரியும், அத்தை வீட்டு மதியம் எப்படி இருக்கும் என்று. நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருப்பாள். போதும் என்றால் கோபித்துக்கொள்வாள். அப்புறம் இரண்டு மணி வெயிலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நேர்ரோட்டில் போனால் கண் சொருகாமல் என்ன செய்யும்? லாரிக்காரர்கள் அதிகாலை மூன்று மணிக்கு அடுத்தபடி பயப்படுவது இந்த நேரத்துக்குத்தான். எங்களுக்காவது பக்கத்தில் கிளீனர் இருப்பான், பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவான். உனக்கு யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று, மதியத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டால் பதினொரு மணியிலிருந்தே போன் அடித்துக்கொண்டிருப்பார்கள். 'எங்க சாமி வந்துட்டிருக்க, சோறு ஆறிப்போகுது' என்பாள் அத்தை. அந்த அவசரத்தில்தான் ஆக்சிலரேட்டரை முறுக்கத் தோன்றும். அங்கிருந்து கிளம்ப நாலு மணியாகும். தை மாதத்தில் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும்.

அதனால் எல்லா வீட்டையும் ராத்தங்கலாக மாற்று. சாயங்காலம் போய்ச் சேர், குளி, இராச் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிடு, அவர்கள் கதையெல்லாம் கேள். காலையில் ஒரு காப்பியோடு கிளம்பிவிடு. வழியில் மதியத்துக்கு இரண்டு இட்லியோ தயிர்சாதமோ போதும். யாரிடமும் மணி சொல்லாதே, 'பொழுது சாய வந்துடுவேன்' என்று மட்டும் சொல். ஒரு ராத்திரி தங்க முடியாத வீடுகளை இந்தத் தடவை விட்டுவிடு. ஓசூரில் இருக்கிற உன் காலேஜ் சிநேகிதியை வழியில் டீ குடிக்கிற நேரத்துக்குப் பார்த்தால் போதும்.

ரோடு உனக்குச் சிரமம் கொடுக்காது. உன் ஊரிலிருந்து நம் ஊர் வரைக்கும் ஒரே ரோடுதான். இப்போது 44 என்கிறார்கள், எங்களுக்கு அது இன்னமும் ஏழாம் நம்பர் ரோடு. ஐதராபாத் அவுட்டர் ரிங் ரோட்டில் மட்டும் இருசக்கர வண்டியை விடமாட்டார்கள், ஊருக்குள்ளேயே வந்து கர்நூல் ரோட்டைப் பிடி. முதல் நாள் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான், மெதுவாகக் கிளம்பலாம். இரண்டாம் நாள்தான் நீளம், அனந்தப்பூர் வழியாகப் பெங்களூருக்கு முந்நூற்றைம்பதுக்கு மேல் வரும். அதைச் சனிக்கிழமை வைத்துக்கொண்டால் ஞாயிறு காலையில் கூட்டமில்லாத நேரத்தில் பெங்களூரைத் தாண்டிவிடலாம். சித்தப்பா வீடு எலஹங்காவில் இருப்பதால் ஊரை முழுசாகக் கடந்துதான் ஓசூர் ரோட்டுக்கு வரவேண்டும். பனி இறங்கியிருந்தால் விலகும்வரை காத்திரு. பொங்கலுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். பெங்களூரே காலியாகி ஓசூர் ரோட்டில் நிற்கும். கூட்டம் திரும்பிப் போனபிறகு வா, கரும்பு எடுத்து வைக்கிறேன்.

அத்தை ஊருக்குப் பிரியும் சின்ன ரோட்டில் கொள்ளுச் செடியும் ராகித் தாளும் பரப்பிப் போட்டிருப்பார்கள், வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று. காருக்கு ஒன்றும் ஆகாது. நீ அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும்.

தர்மபுரியில் தங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொப்பூர் கணவாயை நீ காலை வெளிச்சத்தில் இறங்கவேண்டும். சேலம் பக்கம் வருவது முழுக்க இறக்கம். டீசல் மிச்சம் என்று சில பேர் லாரியை நியூட்ரலில் விட்டு இறக்குவார்கள். பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் லைனர் சூடேறிப் பிடிப்பு போய்விடும். இரட்டைப் பாலத்துக்கிட்ட நடக்கிற விபத்துகளைப் பேப்பரில் நீயும் படித்திருப்பாய். நீ கியரிலேயே இறங்கு. முன்னால் போகிற லாரியைவிடப் பின்னால் வருகிற லாரிதான் ஆபத்து. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வா, வேகமாக வருகிறான் என்றால் ஓரம்கட்டி விட்டுவிடு.

சேலம் வந்தபிறகு பையெல்லாம் இங்கே இறக்கிவிட்டு வெறும் வண்டியில் சுற்றலாம். ராசிபுரம் அம்மாயி வீடு ஒரு நாள், ஏற்காடு ஒரு நாள். ஏற்காட்டில் என் சிநேகிதர் எஸ்டேட்டில் அப்போது காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள், உன்னைக் கூட்டிவரச் சொல்லி வருஷக்கணக்காகக் கேட்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ் திரும்பும்போது ரோடு முழுக்க எடுத்துக்கொள்ளும், ஆரன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடு.

வண்டிக்கு: உன்னுடையது ஸ்போக் சக்கரம், ட்யூப் டயர். ஆணி குத்தினால் காற்று உடனே இறங்கிவிடும், ட்யூப்லெஸ் மாதிரி ஓட்டிக்கொண்டு வரமுடியாது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு ட்யூபும் ஒரு கிளட்ச் கேபிளும் வைத்துக்கொள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சர்வீஸ் பண்ணு. அன்றைக்குப் பண்ணிவிட்டு அன்றைக்கே கிளம்பினால் எந்த போல்ட் இறுகவில்லை என்பது நடுரோட்டில்தான் தெரியும்.

அத்தை என்னிடம் 'வயசுப் புள்ளையத் தனியா விடறீங்களாண்ணா' என்று கேட்டாள். நான் நாக்பூருக்கு லோடு அடித்தபோது நீ இப்படிக் கேட்கவே இல்லையே என்றேன். 'நீங்க ஆம்பள' என்றாள். அவளைவிட நீ வண்டி நன்றாக ஓட்டுவாய் என்று சொல்லி முடித்துவிட்டேன். உன்னிடம் அந்தப் பேச்சை எடுத்தால் பதில் சொல்லாதே, குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்.

போகிற வீட்டிலெல்லாம் ஏதாவது கட்டித் தருவார்கள். அம்மாயி நெய்யை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லாதே. எல்லாவற்றையும் வாங்கி வந்து நம் வீட்டில் போடு, நான் ஐதராபாத்துக்கு லாரி பார்சலில் அனுப்பிவிடுகிறேன். வண்டியில் நாலைந்து கிலோவுக்கு மேல் பின்னால் கட்டாதே.

புதுத் திட்டத்தை எழுதி அனுப்பு. அத்தையிடம் ராத்திரி தங்கும் விஷயத்தை நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பாள்.

அப்பா